கிளாம்ப்பை எடுத்த பிறகு: நுண் ரத்தக்குழாய் இணைப்பில் எது தவறினால் எங்கே பார்ப்பது

1 மி.மீ. தமனி ஒன்றை 10-0 எனும் மிக மெல்லிய நைலான் நூலால் இணைத்துவிட்டு, ரத்தத்தை நிறுத்தி வைத்திருந்த கிளாம்ப்பை எடுக்கிறீர்கள். ரத்தம் ஓடவில்லை. உடனே எல்லோருடைய கண்ணும் தையல்மேல்தான் போகும். இரண்டு தையலை வெட்டி, ஒன்றைச் சேர்த்து, ஃபோர்செப்ஸால் நசுக்கிப் பார்த்து, கடைசியில் நன்றாக இருந்த இணைப்பையும் கெடுத்த பிறகுதான், நோயாளியின் ரத்த அழுத்தம் 85-இல் இருப்பதை யாராவது கவனிப்பார்கள்.

மைக்ரோசர்ஜரி பயிற்சியில் இருக்கும் ரெசிடென்ட்டுகளை மனதில் வைத்து, அறிகுறியிலிருந்து தொடங்கும்படி இதை எழுதியிருக்கிறேன். பக்கத்தில் மேற்பார்வைக்கு ஒரு சீனியர் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். எந்த அறிகுறியானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: தடை இணைப்புக்கு முன்னாலா, இணைப்பிலேயா, இணைப்பைத் தாண்டியா? இதற்குப் பதில் தெரியும்வரை கத்தரிக்கோலைக் கையில் எடுக்க வேண்டாம்.

தமனியில் துடிப்பே இல்லை

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து மானிட்டரைப் பாருங்கள். சிஸ்டாலிக் (ரத்த அழுத்தத்தின் மேல் எண்) 100-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். வழக்கமாக 150-இல் இருக்கும் ரத்தக்கொதிப்பு நோயாளிக்கு 105 கூடப் போதாமல் போகலாம். மயக்க மருந்து தரும் டாக்டரிடம் பிரஷரை மட்டும் கேட்காதீர்கள். சிறுநீர் எவ்வளவு போயிருக்கிறது, உடம்புச் சூடு எவ்வளவு என்றும் கேளுங்கள். சிறுநீர் மணிக்கு, கிலோவுக்கு 0.5 மில்லிக்கும் குறைவு என்றால் பெரும்பாலும் திரவம் பற்றவில்லை. நார்அட்ரினலின் (பிரஷரை ஏற்றும் மருந்து) என்றாலே ஃபிளாப் (வேறிடத்திலிருந்து எடுத்து வைத்து இணைக்கும் திசு) போய்விடும் என்று பயந்த காலம் உண்டு. மிதமான அளவில் கொடுத்தால் ஃபிளாப்புக்குக் கெடுதல் இல்லை என்பதுதான் இன்றைய அனுபவம். ஆனால் காலியாக இருக்கும் குழாயை மருந்தால் மட்டும் இறுக்கி அழுத்தத்தை ஏற்றுவது யாருக்கும் நல்லதில்லை. திரவம் முதலில்.

உடம்புச் சூட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் தியேட்டர்களில் ஏசி ஓடுவது சர்ஜனுக்காக. கவுன் போட்டுக்கொண்டு விளக்கின்கீழ் நிற்பவருக்கு 19 டிகிரி சுகம்தான். எட்டு மணி நேரம் திறந்த காயத்தோடு படுத்திருப்பவருக்கு அது குளிர். குளிர்ந்த உடம்பில் நுண்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். இணைப்பு தொடங்குவதற்கு அரை மணி முன்பே ஏசியைக் குறைக்கச் சொல்லுங்கள். சூடான காற்றுப் போர்வை இருந்தால் போடச் சொல்லுங்கள். கழுவும் சலைனும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ரேக்கிலிருந்து எடுத்த குளிர்ந்த பாட்டிலை அப்படியே ஊற்றிவிட்டு, குழாய் ஏன் சுருங்கியது என்று கேட்பதில் அர்த்தமில்லை.

அடுத்து, சொன்னால் சிரிப்பு வரும் காரணங்கள். டூர்னிகே (கைகாலில் ரத்தத்தை நிறுத்தக் கட்டும் பட்டை) இன்னும் ஏற்றியபடியே இருக்கிறதா? இரண்டாவது கிளாம்ப் ஒன்று காஸ் துணிக்கு அடியில் மறைந்திருக்கிறதா? ரிட்ராக்டர் குழாயை அழுத்திக்கொண்டிருக்கிறதா? சிரித்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

பிறகு மைக்ராஸ்கோப்பைக் குறைந்த உருப்பெருக்கத்துக்குக் கொண்டுவந்து, இணைப்பிலிருந்து மேலே, அதாவது இதயத்தின் பக்கமாக, தெரியும் தூரம்வரை குழாயைத் தொடர்ந்து பாருங்கள். அதிக உருப்பெருக்கத்தில் தையல் மட்டும்தான் தெரியும், 2 செ.மீ. தள்ளி இருக்கும் மடிப்போ முறுக்கோ கண்ணில் படாது. தோலுக்கு அடியில் சுரங்கம் போட்டுக் கொண்டுவந்த குழாய் என்றால் அங்கேதான் முறுக்கு ஒளிந்திருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், சுருக்கமா என்று பாருங்கள். சுருங்கிய தமனி வெளுத்து, ஒல்லியாக, சில இடங்களில் மணிமணியாகத் தெரியும். குழாயைத் தளர்த்த பாப்பாவரின் 30 மி.கி./மி.லி. சில சொட்டு, அல்லது 4% லிக்னோகெய்ன். அதன்மேல் வெதுவெதுப்பான ஈரத்துணியைப் போர்த்திவிட்டு 10 நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். தொடாமல் இருப்பதும் இங்கே சிகிச்சையில் சேர்த்தி. ஒவ்வொரு முறை பிடித்துப் பார்க்கும்போதும் சுருக்கம் புதுப்பிக்கப்படும். பாப்பாவரினை ஹெப்பாரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) கலந்த சலைனிலோ ரிங்கர் லாக்டேட்டிலோ ஊற்றக் கூடாது. வெள்ளையாகத் திரிந்து வீழ்படிவாகும். அதற்குத் தனிக் கிண்ணம், தனி சிரிஞ்சு. லிக்னோகெய்னை எவ்வளவு விட்டோம் என்ற கணக்கும் மயக்க மருந்து டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால், இணைப்பதற்கு முன் அந்தத் தமனி எப்படிப் பீய்ச்சியது என்று நினைத்துப் பாருங்கள். கிளாம்ப்பைத் தளர்த்தியபோது ரத்தம் தெறித்து அடித்ததா, வழிந்ததா? வழிந்த தமனியில் யார் தைத்தாலும் இதே கதைதான். மேலே இன்னும் நல்ல இடம்வரை வெட்டிப்போய், தேவைப்பட்டால் சிரை ஒட்டு (வேறிடத்திலிருந்து எடுத்த சிரைத் துண்டு) வைத்து இடைவெளியை நிரப்ப வேண்டும்.

துடிப்பு தெரிகிறது, ஆனால் நம்ப முடியவில்லை

துடிப்பில் இரண்டு வகை உண்டு, குழப்பம் இங்கேதான். குழாய் பக்கவாட்டில் விரிந்து சுருங்கினால் ரத்தம் போகிறது. நீளவாக்கில் மட்டும் நெளிந்து, மேல்பக்கம் வந்து முட்டி முட்டி நிற்பதுபோல் தெரிந்தால் அதற்குக் கீழே அடைப்பு இருக்கலாம். அடைபட்ட குழாய்தான் அதிகமாகத் துள்ளும். புதியவர்கள் அதைப் பார்த்துத்தான் "நல்லா அடிக்குது சார்" என்பார்கள்.

உறுதிப்படுத்த, காலிசெய்து நிரப்பும் சோதனை இருக்கிறது. இணைப்பைத் தாண்டிய பக்கத்தில் இரண்டு ஃபோர்செப்ஸால் மெல்லப் பிடியுங்கள். இணைப்புக்குப் பக்கத்தில் உள்ளது அசையாமல் இருக்கட்டும். மற்றதைக் கீழ்நோக்கி நகர்த்தி நடுவில் உள்ள ரத்தத்தை வழித்துவிடுங்கள். இப்போது இணைப்புக்குப் பக்கத்து ஃபோர்செப்ஸை மட்டும் விடுங்கள். காலியான பகுதி சட்டென்று நிரம்பினால் வழி திறந்திருக்கிறது; மெதுவாக ஊறினால் பாதி அடைப்பு. சிரைக்கும் இதே சோதனைதான், ரத்தம் போகும் திசையில். ஆனால் ஒவ்வொரு முறையும் இன்டிமா (குழாயின் உள்படலம்) கொஞ்சம் அடிபடுகிறது என்பதை மறக்க வேண்டாம். ஒருமுறை செய்து தெரிந்துகொண்டால் போதும். வந்து எட்டிப்பார்க்கும் ஒவ்வொருவருக்கும் செய்து காட்ட வேண்டியதில்லை.

இந்தச் சோதனையைவிட நான் அதிகம் நம்புவது ஃபிளாப்பின் ஓரத்தை. தமனி ஓடினால் தோலின் வெட்டு விளிம்பில் சிவப்பாக ரத்தம் துளிர்க்கும், கொஞ்ச நேரத்தில் ஃபிளாப் சிரையும் நிறைந்து ஒழுகத் தொடங்கும். சிரையிலிருந்து ரத்தம் திரும்பி வருகிறது என்றால் நடுவில் உள்ள வழி முழுக்கத் திறந்திருக்கிறது.

தையலுக்கு நடுவே கசிகிறது

கசிவு வேறு, பீய்ச்சல் வேறு. கசிந்தால் ஈரத்துணியையோ பக்கத்துக் கொழுப்பையோ மேலே வைத்துவிட்டு சில நிமிடம் காத்திருங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். ஊசி போன துளையிலிருந்து வரும் துளிக்கெல்லாம் தையல் போடக் கூடாது. 1 மி.மீ. தமனிக்கு 6 முதல் 8 தையல் போதும். பத்து, பதினொன்று என்று போனால் கசிவு குறையும், ரத்தம் போகும் வழியும் குறுகும்.

கம்பிபோல ஒரே இடத்தில் பீய்ச்சினால் அங்கே இடைவெளி இருக்கிறது, தைக்கத்தான் வேண்டும். எங்கே தைக்க வேண்டும் என்பதை ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சலைன் விட்டுக் கழுவி, தெளிவாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளாம்ப்பை மறுபடி போட்டீர்கள் என்றால் உள்ளே தேங்கிய ரத்தத்தை அந்த இடைவெளி வழியாகவே ஹெப்பாரின் சலைனால் கழுவிவிட்டு அப்புறம் தையுங்கள். தேங்கிய ரத்தம் கிளாம்ப்புகளுக்கு நடுவே உறைய அதிக நேரம் எடுக்காது. ரத்தக் குளத்துக்குள் குத்துமதிப்பாக ஊசியை விடுவது பின்சுவரைப் பிடிப்பதற்கான, அதாவது எதிர்ச்சுவரையும் சேர்த்துத் தைத்துவிடுவதற்கான, நேர்வழி.

தமனியில் கிளாம்ப்பை எடுக்கும் வரிசையே கசிவை முன்கூட்டிச் சொல்லிவிடும். கீழ்ப்பக்கக் கிளாம்ப்பை முதலில் எடுங்கள். பின்னோக்கி வரும் ரத்தம் குறைந்த அழுத்தத்தில் இணைப்பை நிரப்பும். பெரிய ஓட்டை இருந்தால் அமைதியாகத் தெரியும். மேல்கிளாம்ப் அதற்குப் பிறகுதான்.

பத்து நிமிடம் ஓடிவிட்டு நிற்கிறது

இதுதான் ஆளைச் சோதிக்கும் அறிகுறி. இணைத்ததும் ஓடுகிறது, எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள், தோல் தைக்கத் தொடங்கும்போது நின்றுவிடுகிறது. ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டுகள் தையல் வரிசையில் படிவது முதல் சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். அதனால் கிளாம்ப் எடுத்ததிலிருந்து 20 நிமிடமாவது இணைப்பைக் கண்முன்னால் வைத்திருங்கள். காயத்தை மூடும் அவசரம் அதற்குப் பிறகு.

உருப்பெருக்கத்தைக் கூட்டிப் பாருங்கள். சுவர் மெல்லியதாக இருந்தால் உள்ளே வெண்சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு தெரியும். அது பிளேட்லெட் கட்டி. தமனியைத் தடவி, நசுக்கி அதை உடைத்து ஓட வைக்கலாம். ஓடவும் செய்யும், இன்னொரு பத்து நிமிடத்துக்கு. கட்டி உண்டான காரணம் அங்கேயே இருக்கிறது. வெட்டி எடுத்துவிட்டு மறுபடி செய்வதற்கான மனத்தடையைத்தான் முதலில் தாண்ட வேண்டும். ஒரு தமனி இணைப்பை மறுபடி செய்ய அரை மணி ஆகலாம். நள்ளிரவில் நோயாளியைத் திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுவருவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

வெட்டிய துண்டைக் குப்பையில் போடாதீர்கள். நீளவாக்கில் பிளந்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள், காரணம் அதில் எழுதியிருக்கும். தையலில் மாட்டி உள்ளே இழுபட்ட அட்வெண்டிஷியாவின் (குழாயின் வெளிப்படலத்தின்) நார் ஒன்று தெரியலாம். முனையை நன்றாகச் சுத்தம் செய்யவில்லை என்று அர்த்தம். இன்டிமா சுவரிலிருந்து உரிந்து ரத்த ஓட்டத்துக்குள் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கலாம். ஊசி செங்குத்தாகப் போகாமல் சாய்ந்து போயிருக்கிறது, அல்லது அந்தக் குழாயே ஏற்கெனவே அடிபட்டது. விளிம்புகள் உள்நோக்கி மடிந்திருக்கலாம். நூல் சுவரை அறுத்திருந்தால் முடிச்சு அதிக இறுக்கம்.

குழாய் அடிபட்டதா என்பதை இணைப்பதற்கு முன்பே கண்டுபிடித்திருக்க வேண்டும். வெட்டுமுனைக்குள் ஹெப்பாரின் சலைனை விட்டுப் பார்க்கும்போது சிலந்தி வலைபோல் இழைகள் மிதந்தால் அது நல்ல முனை இல்லை. சுவரில் ரத்தப் புள்ளிகள், இன்டிமாவில் பிளவு, தொட்டால் அடுக்கடுக்காகப் பிரிவது, எல்லாமே 'இன்னும் வெட்டு' என்ற அறிவிப்புகள். மெஷின் பெல்ட்டிலோ மோதிரத்திலோ மாட்டி இழுபட்ட விரல்களில் இது எப்போதும் இருக்கும் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். விரலின் பக்கவாட்டில், நரம்பும் தமனியும் போகும் பாதையில் சிவப்புக் கோடாகக் கன்றியிருந்தால் தமனி நெடுகக் கிழிந்திருக்கிறது. தமனி சுருள்சுருளாக நாடாபோல் நெளிந்திருந்தாலும் அதே பொருள்தான். அங்கே இரண்டு முனையையும் எப்படியாவது இழுத்துச் சேர்க்கும் ஆசையை விட்டுவிட்டு நல்ல இடம்வரை வெட்டி, மணிக்கட்டின் உள்பக்கத்திலிருந்து சிரை ஒட்டு எடுங்கள். அந்தச் சிரைகள் விரல் தமனியின் அளவுக்கு ஏறக்குறையப் பொருந்தும். தமனிக்கு வைக்கும்போது தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வால்வுகள் வழியை மறிக்கும். எடுக்கும்போதே ஒரு முனைக்குக் கிளிப் போட்டு அடையாளம் வைத்துவிடுங்கள். டிரேயில் வைத்த பிறகு எது மேல், எது கீழ் என்று பட்டிமன்றம் நடத்த முடியாது.

கிளாம்ப்பே குழாயைக் கெடுப்பதும் உண்டு. நுண்குழாய்க்கான கிளாம்ப்பின் அழுத்தம் சதுர மி.மீ.க்கு 30 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய, இன்றும் செல்லும் வரம்பு. ஸ்பிரிங் கெட்டுப்போன பழைய கிளாம்ப்புகளை டிரேயிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மறுபடி இணைக்கும்போது கிளாம்ப்பை எடுப்பதற்கு முன் உடலுக்குள் ஹெப்பாரின் கொடுப்பவர்கள் நிறைய. உங்கள் யூனிட்டின் வழக்கப்படி செய்யுங்கள். ஒரு காலத்தில் ரத்தம் உறையாமலிருக்கக் கூடவே ஓடிக்கொண்டிருந்த டெக்ஸ்ட்ரான் கரைசலை, ஒவ்வாமைக்கும் நுரையீரல் சிக்கலுக்கும் பயந்து, பெரும்பாலோர் கைவிட்டுவிட்டார்கள். எந்த மருந்தும் கெட்ட இணைப்பை நல்லதாக்கப் போவதில்லை.

பின்சுவர் மாட்டியிருக்குமோ?

சந்தேகம் வந்தால் பெரும்பாலும் மாட்டியிருக்கிறது. ஊசி வழக்கத்தைவிடக் கனமாகப் போனது, நூலை இழுத்தபோது எதிர்ச்சுவரும் சேர்ந்து அசைந்தது, முடிச்சு போட்டதும் வழி தட்டையானது. இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த தையலுக்குப் போகாதீர்கள். மழுங்கிய முனை ஊசியால் ஹெப்பாரின் சலைனை உள்ளே விடுங்கள். குழாய் உருண்டையாக விரிய வேண்டும். விரியவில்லை என்றால் கடைசித் தையலை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

வராமல் தடுக்க, கடைசி இரண்டு மூன்று தையல்களைப் போட்டுவிட்டு முடிச்சிடாமல் வைத்திருப்பது நல்ல வழக்கம். நூல்களை விலக்கி உள்ளே முழுவதையும் பார்த்த பிறகு ஒவ்வொன்றாகக் கட்டலாம். வழிகாட்டித் தையல்களை எப்படிப் போடுகிறீர்கள் என்பதும் கணக்கு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு சர்ஜன் அலெக்சிஸ் காரெல் சொன்னது வட்டத்தை மூன்றாகப் பிரித்து இழுத்துப் பிடிக்கும் முறை. நுண்குழாய்க்கு அதையே கொஞ்சம் மாற்றி, முதல் இரண்டு தையலை 120 டிகிரி இடைவெளியில் போடுகிறார்கள். இழுத்துப் பிடிக்கும்போது பின்சுவர் தானாகத் தொங்கி விலகிக்கொள்ளும். 180 டிகிரியில் போட்டால் இரண்டு சுவரும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். கிளாம்ப்பைத் திருப்ப இடமே இல்லாத குழிகளில், கழுத்திலோ மார்பெலும்புக்குப் பக்கத்திலோ, பின்சுவரை முதலில் தைத்துக்கொண்டு முன்னால் வரும் முறை நிம்மதி.

பயிற்சிக்கு எலியெல்லாம் கிடைக்காவிட்டாலும் கறிக்கடைக் கோழித் தொடை போதும். தொடையில் ஓடும் தமனி அளவில் நன்றாகப் பொருந்தும். தைத்து முடித்ததும் நீளவாக்கில் பிளந்து உள்ளே பாருங்கள். வெளியே அழகாக இருந்த இணைப்பு உள்ளே எப்படி இருக்கிறது என்பதை அது ஒளிக்காமல் காட்டும்.

இரண்டு முனையும் ஒரே அளவில் இல்லை

ஒன்று மற்றதைப்போல் ஒன்றரை மடங்கு வரை என்றால் சின்னதை மெல்ல விரித்து, தையல் இடைவெளியைப் பகிர்ந்து சமாளிக்கலாம். இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் போனால் சின்னதைச் சாய்வாக வெட்டி வாயை அகலமாக்குங்கள். அதற்கும் மேலே என்றால் முனைக்கு முனை வேண்டாம். பெரிய குழாயின் பக்கவாட்டில் துளையிட்டு இணைப்பதே நல்லது. காலில் ஒரே ஒரு தமனிதான் பாதத்துக்கு ரத்தம் கொண்டுபோகிறது என்றால், அளவு பொருந்தினாலும் பக்கவாட்டு இணைப்புதான்.

இழுத்துப் பிடித்தால்தான் சேர்கிறது என்றால் சிரை ஒட்டு. இதில் யோசிக்க எதுவும் இல்லை.

சிரை தட்டையாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது

சிரையின் சுவர் பாலாடை மாதிரி. காற்றில் ஒட்டிக்கொள்ளும், நீரில் விரியும். எனவே உலரவைத்துத் தைக்கப் பார்க்காதீர்கள். சலைனை நிரப்பிவிட்டு அதில் மிதக்கும் நிலையில் தையுங்கள். சுவர் மெல்லியது என்பதால் தமனியைவிட விளிம்பிலிருந்து கொஞ்சம் அதிகமாகத் தள்ளிக் குத்தலாம்.

சிரையில் முறுக்கு எளிதில் விழும், வெளியே தெரியவும் தெரியாது. ஃபிளாப்பைப் பிரிப்பதற்கு முன்பே, ரத்தம் நிறைந்திருக்கும்போது, சிரையின் முன்பக்கத்தில் நீளவாக்கில் மார்க்கர் மையால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். இணைத்த பிறகும் கோடு நேராக இருந்தால் முறுக்கு இல்லை. நீளத்தையும் கவனியுங்கள். தமனி கொஞ்சம் வளைந்திருந்தால் அதன் அழுத்தமே வழியைத் திறந்து வைக்கும். சிரைக்கு அந்த வசதி கிடையாது. கழுத்தைத் திருப்பினாலே மடங்கிவிடும். மூடுவதற்கு முன் கழுத்தையோ கையையோ வார்டில் இருக்கப்போகும் நிலைக்குத் திருப்பி, அந்த நிலையில் சிரையைப் பாருங்கள்.

கப்ளர் கிடைத்தால் சிரைக்குப் பயன்படுத்துங்கள். இரண்டு வளையம், அதில் சின்ன ஊசிகள். சிரையின் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்து மாட்டி இரண்டையும் சேர்த்தால் இன்டிமா இன்டிமாவோடு சேரும், உள்ளே நூலே இருக்காது. சுருங்கியிருக்கும்போது அளந்து சின்ன வளையத்தை எடுத்துவிடுவதுதான் இதில் வழக்கமான தவறு. விலை ஒரு பிரச்சினை என்பது உண்மைதான். ஆனால் கையால் தைத்த சிரையும் நன்றாகவே ஓடும். கப்ளர் இல்லை என்று அறுவையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

ஊசி வளைகிறது, நூல் ஒட்டுகிறது, கை நடுங்குகிறது

ஊசியை அதன் முதுகுப் பக்கம், நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் பிடியுங்கள். நூல் சேரும் இடத்தில் பிடித்தால் வளையும். ஊசி ஃபோர்செப்ஸை விட்டுப் பிரியவில்லை என்றால் கருவி காந்தமேறியிருக்கிறது, காந்தநீக்கியில் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள். முனையில் ரத்தம் காய்ந்திருந்தாலும் நூல் ஒட்டும். ஒவ்வொரு தையலுக்கும் ஈரப் பஞ்சில் துடைக்கும் பழக்கம் வேண்டும். நடுக்கத்துக்கு மாத்திரை தேடுவதற்கு முன் கையைப் பாருங்கள். மணிக்கட்டும் சுண்டுவிரல் பக்கமும் ஏதாவது ஒன்றின்மேல் முழுதாகப் படிந்திருக்க வேண்டும். நாற்காலி உயரம் சரியில்லாமல் தோளைத் தூக்கிக்கொண்டு தைத்தால் யாருக்கும் நடுங்கும்.

இரண்டு குழாயும் ஓடுகின்றன, ஃபிளாப் மட்டும் உயிர் பெறவில்லை

ரத்தமில்லாமல் அதிக நேரம் இருந்த திசுவில் நுண்தந்துகிகள் வீங்கி அடைபட்டுவிடும். இணைப்பு திறந்திருந்தாலும் ரத்தம் உள்ளே பரவாது. தசை உள்ள பகுதியில் சாதாரண வெப்பத்தில் 6 மணி நேரத்தைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். விரலில் தசை இல்லாததால் 12 மணி வரையும், குளிர வைத்திருந்தால் 24 மணியையொட்டியும் முயலலாம். இங்கே இணைப்பைத் திரும்பச் செய்து பயனில்லை. முழுக் கையோ காலோ என்றால் செத்த தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலப்பதுதான் பெரிய ஆபத்து. உறுப்பைக் காப்பாற்றுவதா, ஆளைக் காப்பாற்றுவதா என்று முடிவெடுக்கும் இடம் அது.

வார்டிலிருந்து போன் வருகிறது: 'ஃபிளாப் நிறம் மாறியிருக்கு'

முதல் 48 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் பெரும்பாலான அடைப்புகள் வரும். அதனால் முதல் நாள் மணிக்கொரு முறை பார்ப்பது வழக்கம். போனில் கேட்க வேண்டியது: வெளுப்பா, நீலமா? அழுத்தி விட்டால் நிறம் எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது? தொட்டால் சில்லென்று இருக்கிறதா? உப்பியிருக்கிறதா, தொய்ந்திருக்கிறதா?

வெளுத்து, குளிர்ந்து, தொய்ந்து, அழுத்திய இடம் 3 வினாடிக்கு மேலும் திரும்பாமல், ஊசியால் குத்தினால் ரத்தமே வராமல் இருந்தால் தமனி. நீலமாகவோ ஊதாவாகவோ, உப்பி, அழுத்திய இடம் கண்மூடித் திறப்பதற்குள் திரும்பி, குத்தினால் கறுத்த ரத்தம் வேகமாக வந்தால் சிரை. ஃபிளாப்களில் சிரை அடைப்புதான் அதிகம் பார்க்கிறோம். ஆரம்பத்தில் அது ஆரோக்கியம்போலவே வேஷம் போடும். 'ஃபிளாப் நல்லா பிங்க்கா, சூடா இருக்கு சார்' என்று நர்ஸ் சொல்லும் ஃபிளாப், முந்தைய மணியைவிட வேகமாக நிறம் திரும்புகிறதா என்று கேளுங்கள்.

நம் நோயாளிகளின் கருத்த தோலில் இந்த நிறப் பாடமெல்லாம் பாதிதான் உதவும். புத்தகப் படங்களில் இருக்கும் தோல் வேறு. அதனால் நிறத்தைவிட அழுத்தித் திரும்பும் நேரம், சூடு, உப்பல், ஊசிக்குத்து ஆகியவற்றை நம்புங்கள். பக்கத்துத் தோலைவிட 2 டிகிரிக்கு மேல் குளிர்ந்திருந்தால் அது அறிகுறி. கையடக்க டாப்ளர் கருவியில் ரத்த ஓட்டத்தின் ஓசை கேட்கும் இடத்தில் தியேட்டரிலேயே ஒரு தையல் போட்டு அடையாளம் வைத்திருந்தால் இரவு டூட்டியில் இருப்பவர் தேடித் தவிக்க வேண்டாம். வார்டின் மஞ்சள் பல்பில் எதையும் முடிவு செய்யாதீர்கள், டார்ச்சையோ வெள்ளை விளக்கையோ பயன்படுத்துங்கள்.

படுக்கைக்குப் பக்கத்தில் செய்ய வேண்டியது சில நிமிட வேலைதான். கட்டைப் பிரித்துவிடுங்கள், அடிவரை, பஞ்சுவரை. கழுத்தைச் சுற்றிய டிரக்கியாஸ்டமி (மூச்சுக்குழாயில் வைத்த குழாய்) நாடா சிரையை அழுத்தும். அவிழ்த்துவிட்டு வேறு விதமாகப் பொருத்துங்கள். நோயாளி இணைப்பின்மேல் சாய்ந்து படுத்திருக்கிறாரா என்று பாருங்கள். அடியில் ரத்தம் கட்டி உப்பியிருந்தால் இரண்டு மூன்று தோல் தையல்களை அங்கேயே வெட்டலாம். பிரஷர், சிறுநீர், வலி, ஹீமோகுளோபின். வலியும் குளிரும் சுருக்கத்தைக் கொண்டுவரும். பார்க்க வந்தவர் அறைக்கு வெளியே பீடி கொடுத்திருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். நிகோட்டின் விரல் தமனிகளை விடவே விடாது.

இதில் எதற்கும் சில நிமிடங்களில் முன்னேற்றம் தெரியவில்லை என்றால் தியேட்டர். காலை ரவுண்டுவரை காத்திருந்து பார்ப்போம் என்ற யோசனை வேண்டாம். சிரை அடைத்து நீண்ட நேரம் ஆன ஃபிளாப்பைத் திறந்தால் ரத்தம் நுண்குழாய்வரை உறைந்துபோயிருக்கும், அதற்குப் பிறகு எந்த இணைப்பும் உதவாது. திறந்து பார்த்து எல்லாம் சரியாக இருந்தது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு நல்ல யூனிட்டில் அப்படிச் சில முறை நடக்கத்தான் வேண்டும். திறந்ததும் தொடக்கத்தில் சொன்ன அதே கேள்விதான்: முன்னாலா, இணைப்பிலா, தாண்டியா. சிரை இணைப்பின் இரு பக்கமும் ரத்தம் உறைந்திருந்தாலும் உறைவதற்குக் காரணமான மடிப்பைக் கண்டுபிடிக்காமல் வெறுமனே மறுபடி தைத்தால் அடுத்த நாளும் இதே போன் வரும்.

ஒட்டவைத்த விரல் கறுத்து உப்புகிறது, இணைக்க வேறு சிரை இல்லை

நகத்தை ஒட்டி வெட்டுப்பட்ட விரல் நுனிகளில் சிரையே கிடைக்காமல் போவது சாதாரணம். தமனி ஓடுகிறது என்பது உறுதியானால் ரத்தத்தை வெளியேற்ற வழி செய்துகொடுத்தால் போதும். நகத்தை எடுத்துவிட்டு நகப்படுகையில் ஹெப்பாரின் நனைத்த துணியை வைத்து, அவ்வப்போது சுரண்டி ரத்தம் கசியவிடலாம். அல்லது அட்டை. சித்த மருத்துவத்தில் அட்டை விடுவது தெரிந்த சங்கதிதான் என்பதால் நம் நோயாளிகளும் வீட்டாரும் அதிகம் முகம் சுளிப்பதில்லை. ஆனால் குளத்தில் பிடித்தது கூடாது. மருத்துவத்துக்கென்று வளர்த்தது வேண்டும், ஒருவருக்கு விட்டதை இன்னொருவருக்கு விடக் கூடாது. அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா வாழ்கிறது, ஆகவே சிப்ரோஃபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கை முதல் அட்டைக்கு முன்பே தொடங்குங்கள். அட்டை கடிக்க மறுத்தால் தமனி ஓட்டத்தை மறுபடி பாருங்கள்; ரத்தம் வராத விரலில் அது தங்காது. புதிய சிரைகள் உருவாக 5 முதல் 7 நாள் ஆகும். கடித்த இடம் அட்டை விழுந்த பிறகும் மணிக்கணக்கில் கசியும் என்பதால் அதுவரை ஹீமோகுளோபினைத் தினமும் பார்த்து, ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்று வீட்டாரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.